சைக்கிள் டயர் ஏற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், கட்டைவிரல் போதும்

சைக்கிள் டயரை ரிம்மில் ஏற்றும்போது கடைசி ஒரு சாண் முரண்டு பிடித்ததும், உடனே ஸ்க்ரூடிரைவரை எடுத்து நெம்புகிறார்களே, அதைப் பார்த்தால் எனக்கு மனசு பதறும். பஞ்சர் ஒட்டி, பொறுமையாகக் காயவைத்து, தண்ணீரில் முக்கிச் சரிபார்த்த டியூப் அந்த ஒரு நெம்பலில் உள்ளே சிக்கிக் கிழிந்துவிடும். காற்றடித்தால் புஸ்ஸென்று போகும். அப்புறம் ஒட்டினது சரியில்லை, டியூப்பே மட்டமான சரக்கு என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். ஒட்டினதும் நன்றாகத்தான் ஒட்டியிருக்கிறது, டியூப்பிலும் குறை இல்லை. கடைசியில் நெம்பினதுதான் காரியத்தைக் கெடுத்தது.

டயர் ஏறவில்லை என்றால் நம் கையில் பலம் போதவில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. டயருக்கு இடம் விடவில்லை, அவ்வளவுதான். இது புரிந்துவிட்டால் பத்து வயசுப் பிள்ளைகூட டயர் மாட்டிவிடும், புரியாவிட்டால் பயில்வானுக்கும் ஏறாது.

டயர் இல்லாத வெறும் ரிம் கையில் கிடைத்தால் ஒரு முறை நன்றாகப் பாருங்கள். இரண்டு ஓரத்திலும் சுவர் மாதிரி எழும்பி நிற்கும். சுவரை ஒட்டி உள்பக்கம் டயர் உட்கார ஒரு திட்டு. நட்டநடுவே ஒரு பள்ளம், சுற்றிலும் ஓடும். இப்போது டயரின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள், ரப்பருக்குள் கெட்டியாக ஒரு வளையம் தட்டுப்படும். சாதாரண டயரில் அது எஃகுக் கம்பி. ரப்பர் இழுத்தால் நீளும், கம்பி நீளாது. 700சி என்று சொல்கிற சைக்கிளில் அந்த டயர் உட்காரும் இடத்தின் விட்டம் 622 மில்லிமீட்டர். ரிம் சுவர் அதற்கு மேல் இரண்டு பக்கமும் சுமார் 6 மில்லிமீட்டர் எழும்பி நிற்கிறது. அதாவது 622 அளவுள்ள, நீளவே நீளாத ஒரு வளையத்தை 634 அளவுள்ள ஒரு வட்டத்தின் மேல் தாண்டவைக்க வேண்டும். நேராகப் போட்டால் எப்படித் தாண்டும்? கம்பியின் ஒரு பக்கத்தை நடுப்பள்ளத்தில் இறக்கினால்தான் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்கும். பள்ளம் 4 மில்லிமீட்டர் ஆழம் என்று வையுங்கள். சுற்றிலும் கம்பி அந்தப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்தால் சுற்றளவில் 25 மில்லிமீட்டர் மிச்சம் கிடைக்கும். ஒரு அங்குலம்! அந்த ஒரு அங்குலத்தில் டயர் தானாக ஏறும். திட்டின் மேலேயே கம்பியை விட்டுவிட்டு எதிர்ப்பக்கத்தில் நெம்பினால் ஒரு மில்லிமீட்டர்கூடக் கிடைக்காது, டயரை நெம்புகிற பட்டையான லிவர்தான் வளையும்.

இது இன்று நேற்று கண்டுபிடித்ததும் இல்லை. காற்றடைத்த டயருக்கு 1845-லேயே ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் அது புழக்கத்துக்கு வரவில்லை. பெல்ஃபாஸ்ட்டில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்ட் டன்லப் தன் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகச் செய்து பார்த்து, 1888-ல் காப்புரிமை வாங்கிய பிறகுதான் காற்று டயர் ஓட ஆரம்பித்தது. ஆனால் அந்த டயர் துணி சுற்றி ரிம்மோடு ஒட்டிய டயர். பஞ்சரானால் பிரிக்கவேண்டும், ஒட்டவேண்டும், மறுபடி சுற்றிப் பசை காயக் காத்திருக்கவேண்டும். 1890-ல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச் என்பவர், ஓரத்தில் கம்பி வைத்த டயர், நடுவில் பள்ளம் வைத்த ரிம் என்று இரண்டையும் சேர்த்துக் காப்புரிமை எடுத்தார். இன்று நம் வாசலில் நிற்கிற சைக்கிளில் இருப்பது அந்த யோசனைதான். பிரான்சில் மிஷ்லின் சகோதரர்கள் வேறு வழியில் போய்க் கழற்றி மாட்டும் டயர் செய்தார்கள். 1891-ல் பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் 1,200 கிலோமீட்டர் போட்டியில் ஷார்ல் தெரோன் அந்த டயரில்தான் ஓட்டி முதலில் வந்தார். ஏறக்குறைய மூன்று நாள் ஓட்டம். வழியில் பஞ்சரானால் அங்கேயே கழற்றி ஒட்டலாம் என்பது அப்போது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

கழற்றுவதற்கு முன்னால் ஒன்று. காற்று இறங்கியிருக்கிறது என்றதும் டயரில் கை வைக்காதீர்கள். டியூப்பில் காற்றடிக்கிற வால்வை மவுத் என்போம். நாட்டு சைக்கிள்களில் அது பழைய மாதிரியாக இருக்கும், அதற்குள் ஒரு சின்ன ரப்பர் குழாய், வால்டியூப் என்போம். அது பழசாகி விரிசல் விட்டால், அல்லது சும்மா நகர்ந்திருந்தால்கூடக் காற்று நிற்காது. பஞ்சர் கடைக்காரர் முதலில் செய்வது என்ன? காற்றடித்துவிட்டு விரலில் எச்சில் தொட்டு மவுத்தின் மேல் வைப்பார். குமிழ் வந்தால் அங்கேயே விஷயம் முடிந்தது. வால்டியூப்பை மாற்றினால் போதும், டயரைத் தொட வேண்டிய அவசியமே இல்லை. எச்சில் வேண்டாம் என்றால் சோப்புத் தண்ணீர் தொட்டு வையுங்கள். கார், பைக்கில் இருப்பது போன்ற தடித்த மவுத்திலும், ரேஸ் சைக்கிள்களில் வரும் ஒல்லி மவுத்திலும் இதே சோதனை செய்யலாம்.

சக்கரத்தைக் கழற்றவேண்டுமா என்பது அடுத்த கேள்வி. நாட்டு சைக்கிளின் பின்சக்கர ஆக்சிலில் என்னென்ன மாட்டியிருக்கிறது என்று பாருங்கள். மட்கார்டு கம்பி, கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர், எல்லாம் அந்த இரண்டு நட்டை நம்பித்தான் நிற்கின்றன. அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் சக்கரத்தைக் கழற்றாமலேயே ஒரு பக்க டயரை மட்டும் இறக்கி, டியூப்பை வெளியே இழுத்து ஒட்டி, அப்படியே உள்ளே தள்ளிவிடுகிறார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, மிகச் சரியான முறை. டியூப்பையே மாற்றுவதென்றால்தான் சக்கரம் கழன்றாக வேண்டும். கியர் சைக்கிளில் கழற்றுவது சுலபம்: செயினை ஆகச் சின்ன பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, பிரேக்கைத் தளர்த்தி, பின்கியரை ஒரு கையால் பின்னுக்கு இழுத்துப் பிடித்தால் சக்கரம் தானாக விழும். டிஸ்க் பிரேக் சைக்கிளாக இருந்தால் சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் லிவரை யாரும் அழுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் கட்டாயம் அழுத்தும். பேடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, டிஸ்க் உள்ளே போகாது.

இப்போது டயர். காற்று முழுக்க வெளியே போகட்டும், பாதி காற்றோடு போராடாதீர்கள். மவுத்தின் அடிநட்டைக் கழற்றுங்கள். பிறகு டயரை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் நடுவை நோக்கி அமுக்கிக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். ரொம்ப நாள் கழற்றாத டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அது விட்டுக் கொடுக்கும்போது சின்னதாக ஒரு சத்தம் கேட்கும். சுற்று முடிவதற்குள் ஓரக்கம்பி இரண்டும் பள்ளத்துக்கு வந்திருக்கவேண்டும். பெரும்பாலானவர்கள் இந்த ஒரு சுற்றைத் தாண்டிப் போய் நேராக லிவரை நுழைக்கிறார்கள்.

மவுத்திலிருந்து ஒரு சாண் தள்ளி லிவரை நுழைக்கலாம். ஆழமாகப் போகவேண்டாம், ஓரக்கம்பியின் அடியில் நுனி பிடித்தால் போதும், இன்னும் உள்ளே போனால் டியூப்பையும் சேர்த்துப் பிடித்துவிடும். பிளாஸ்டிக் லிவர் நல்லது. இரும்பு லிவர் என்றால் முனை மழுங்கலாக இருக்கவேண்டும். முதல் லிவரை நெம்பிப் போக்ஸ் கம்பியில் மாட்டிவிட்டு, நாலு விரல் தள்ளி இரண்டாவதை நுழைத்து நெம்பினால், அதற்குப் பிறகு கையாலேயே உருவிக்கொண்டு போய்விடலாம். நாட்டு சைக்கிளின் 28 அங்குல டயர் பல நேரம் லிவரே இல்லாமல் கழன்றுவிடும்.

டியூப்பை உருவும்போது டியூப்பும் டயரும் எந்தப் பக்கம் பார்த்து இருந்தன என்பதை நினைவில் வையுங்கள். டயரில் கம்பெனிப் பெயர் எழுதியிருக்கும் இடத்தை எப்போதும் மவுத்துக்கு நேராக வைத்து மாட்டும் பழக்கம் எனக்கு உண்டு. அழகுக்காக என்று நினைப்பார்கள். டியூப்பில் மவுத்திலிருந்து இரண்டு சாண் தூரத்தில் ஓட்டை இருந்தால், டயரிலும் பெயரிலிருந்து அதே இரண்டு சாண் தூரத்தில்தான் முள் இருக்கும். தேடும் வேலை பாதியாகக் குறைந்துவிடும்.

ஓட்டையைப் பார்த்ததும் ஒட்டாதீர்கள், ஏன் வந்தது என்று முதலில் கேளுங்கள். டியூப்பின் வெளிப்பக்கம், அதாவது சாலையைப் பார்த்த பக்கம் ஒரு சின்னப் புள்ளி என்றால் முள், கண்ணாடி, ஆணி, கம்பி. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்தது போல என்றால் காற்று குறைவாக வைத்து ஓட்டிப் பள்ளத்திலோ கல்லிலோ இடித்திருக்கிறது, டயரில் முள்ளைத் தேடிப் பயனில்லை. ரிம்மைப் பார்த்த உள்பக்கம் ஓட்டை என்றால் ரிம் டேப்பை, அதாவது ரிம்மின் போக்ஸ் துளைகளை மூடியிருக்கும் பட்டையைப் பாருங்கள். அது கிழிந்தோ நகர்ந்தோ இருந்தால் போக்ஸ் கம்பியின் தலையோ, அந்தத் துளையின் விளிம்போ டியூப்பைத் தின்னும். எத்தனை முறை ஒட்டினாலும் அதே இடத்தில் மறுபடி வரும். மவுத்தின் அடியிலேயே கிழிசல் என்றால் ஒட்ட முடியாது, டியூப்பை மாற்றுங்கள். காற்று குறைவாக ஓட்டும்போது டயர் ரிம்மில் மெல்ல நகர்ந்து டியூப்பையும் இழுத்துக்கொண்டு போகும், மவுத் மட்டும் துளையில் மாட்டிக்கொண்டு சாயும், அதனால் வருவது.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ராமநாதபுரம், விருதுநகர் பக்கமெல்லாம் சாலையோரம் முழுக்க சீமைக்கருவேலம்தான், அங்கே சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியும். அந்த முள் டயரில் ஏறினால் வெளியே இருக்கும் பாகம் ஒடிந்துவிடும், நுனி மட்டும் ரப்பருக்குள் தங்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே விரலால் தடவினாலும் சில நேரம் தட்டுப்படாது, ஏனென்றால் ரப்பர் தளர்ந்திருக்கும்போது நுனி உள்ளே ஒளிந்துகொள்கிறது, காற்றடித்து ஆள் ஏறி உட்கார்ந்தால்தான் அரை மில்லிமீட்டர் எட்டிப் பார்த்து டியூப்பைக் குத்துகிறது. பஞ்சர் ஒட்டி ரெண்டு நாள் நன்றாக ஓடி மூன்றாம் நாள் மறுபடி இறங்குவது பெரும்பாலும் இதனால்தான். இதற்கு வழி, சந்தேகப்பட்ட இடத்தில் டயரைப் பின்பக்கமாக மடக்கி விரித்து, கொஞ்சம் பஞ்சை எடுத்து உள்பக்கம் இரண்டு திசையிலும் தடவுவது. நுனி இருந்தால் பஞ்சு நார் அதில் மாட்டி நிற்கும். விரலும் பத்திரம். நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு எதிரி, லாரி டயர் வெடித்துச் சிதறிய துண்டுகளிலிருந்து வரும் மயிரிழை எஃகுக் கம்பி. அதற்கும் பஞ்சுதான். கண்டுபிடித்ததைச் சின்னக் குறடால் பிடுங்குங்கள், நகவெட்டிகூடப் போதும்.

ஒட்டும் வேலையில் சொல்ல ஒன்றே ஒன்றுதான், அவசரப்படாதீர்கள். உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்புப் போகவேண்டும். டியூப்பின் நடுவே ஓடும் அந்த மேடான கோட்டின் மேல் ஓட்டை இருந்தால் கோடு மழுங்கும்வரை தேய்க்கவேண்டும், இல்லாவிட்டால் அந்தக் கோட்டு வழியாகவே காற்று கசியும். சொல்யூஷனை மெல்லிசாக, பேட்ச்சைவிட அகலமாகத் தடவி, ஈரப் பளபளப்பு மறைந்து மங்கும்வரை விட்டுவிடுங்கள். ஐந்து நிமிஷம் ஆகும். ஈரமாக இருக்கும்போதே பேட்ச்சை வைத்தால் அது நழுவிக்கொண்டே இருக்கும். வைத்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தித் தேய்த்துவிட்டு, சுற்றிலும் மிச்சமிருக்கும் சொல்யூஷன் மேல் கொஞ்சம் முகப்பவுடரோ சாக்பீஸ் தூளோ தூவுங்கள். தூவாவிட்டால் டியூப் டயரோடு ஒட்டிக்கொள்ளும்.

மாட்டும் வேலைதான் முக்கியம். டயரில் அம்புக்குறி இருந்தால் அது சக்கரம் முன்னே உருளும் திசையைப் பார்க்கவேண்டும். முதல் பக்க ஓரக்கம்பியைக் கையாலேயே ஏற்றுங்கள். டியூப்பில் பம்பால் ரெண்டு தடவை காற்று அடியுங்கள், உருண்டையாக வடிவம் வந்தால் போதும், விறைக்கக் கூடாது. வெறும் டியூப்பைச் செருகினால் மடிப்பு விழும், மடிப்பு உள்ள இடம் சீக்கிரம் தேயும். மவுத்தைத் துளையில் நேராக விட்டு, டியூப்பைச் சுற்றிலும் டயருக்குள் தள்ளி, பள்ளத்தில் உட்காரவையுங்கள்.

இரண்டாவது பக்கத்தை எங்கே ஆரம்பிப்பது? மவுத்துக்கு நேர் எதிரில். முடிப்பது மவுத்தில். இதை மாற்றாதீர்கள். மவுத் இருக்கும் இடத்தில் அதன் அடிப்பாகம் நடுப்பள்ளத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அங்கே கம்பி பள்ளத்தில் இறங்கவே முடியாது. அங்கே ஆரம்பித்தால் கடைசியில் எதிர்ப்பக்கத்தில் தளர்வு கிடைக்காது. எதிரில் ஆரம்பித்து இரண்டு கையும் ஆளுக்கொரு பக்கமாக மேலே வரட்டும். கடைசி ஒரு சாண் மிச்சம் இருக்கும்போது இறுகும். இங்கேதான் எல்லோரும் ஸ்க்ரூடிரைவரைத் தேடுகிறார்கள்.

எதிர்வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள், அரசாங்கம் கொடுத்த சைக்கிள் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதி ஏறிய டயரோடு வந்து நின்று, "மாமா, இது ஏறவே மாட்டேங்குது, கட்டிங் பிளேயர் இருந்தா குடுங்களேன்" என்றாள். விரல் எல்லாம் கறுப்பு, முகத்தில் ஆத்திரம்.

"பிளேயர் வேண்டாம்மா. ஏறாத இடத்தை விட்டுடு. மவுத்துக்கு நேர் எதிர்ல பாரு, அங்க டயர் எங்க உக்காந்திருக்கு?"

குனிந்து பார்த்தாள். ஓரக்கம்பி ரிம் சுவரை ஒட்டித் திட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

"ரெண்டு பக்கமும் சேர்த்துக் கிள்ளி நடுவுல தள்ளு. அப்படியே கிள்ளிக்கிட்டே மேல வா."

கிள்ளிக்கொண்டே வந்தாள். டியூப்பில் கொஞ்சம் காற்று அதிகமாக இருந்தது, அதையும் இறக்கச் சொன்னேன். ஒரு சாணாக இருந்த மிச்சம் நாலு விரலாகக் குறைந்திருந்தது. உள்ளங்கையின் அடிப்பாகத்தை டயரின் மேல் வைத்து ரிம்முக்கு மேலே உருட்டச் சொன்னேன். டப்பென்று உள்ளே போய் உட்கார்ந்தது. "அவ்ளோதானா மாமா?" என்றாள். அவ்வளவுதான். இப்போது அவள் தெருவில் மூன்று நாலு சைக்கிளுக்கு அவளே டயர் மாட்டித் தருகிறாள். பஞ்சர் கடைகள் பைக்குக்கும் டியூப்லெஸ்ஸுக்கும் மாறிக்கொண்டிருக்கிற இந்தக் காலத்தில், எங்கள் பகுதியில் சைக்கிள் என்றால் நாளைக்கு வா என்று சொல்கிற கடைதான் அதிகம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வெயிலில் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வருகிற பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், இதைப் பள்ளியிலேயே ஒரு மணி நேரம் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று தோன்றும். கொடுக்கிற சைக்கிளோடு இரண்டு லிவரும் ஒரு சொல்யூஷன் டியூபும் சேர்த்துக் கொடுக்கலாம்.

டயர் ஏறியதும் உடனே பம்பால் அடிக்க ஆரம்பிக்காதீர்கள். மவுத்தை உள்ளே ஒரு முறை தள்ளி வெளியே இழுங்கள், அதன் அடியில் டயர் சிக்கியிருந்தால் விடுபடும். பிறகு இரண்டு பக்கமும் டயரை விலக்கிப் பார்த்துக்கொண்டே ஒரு சுற்று வாருங்கள். எங்கேயாவது டியூப் கறுப்பாக எட்டிப் பார்த்தால் அங்கே சிக்கியிருக்கிறது என்று அர்த்தம், காற்றடித்தால் வெடிக்கும். பாதி காற்று அடித்துச் சக்கரத்தைச் சுற்றிவிடுங்கள். டயரின் பக்கவாட்டில் ரிம்மை ஒட்டி மெல்லிய கோடு ஒன்று ஓடும், அது சுற்றிலும் ஒரே இடைவெளியில் தெரியவேண்டும். ஓரிடத்தில் உள்ளே போயும் ஓரிடத்தில் வெளியே வந்தும் இருந்தால் காற்றை இறக்கிச் சோப்புத் தண்ணீர் தடவி மறுபடி அடியுங்கள். எல்லாம் சரி என்றால் டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் அளவுக்குக் காற்று. ஒல்லி டயருக்கு அதிகம் வேண்டும், பெருத்த டயருக்குக் குறைவாகப் போதும். கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்வது நாட்டு சைக்கிளுக்குச் சரி, 28 மில்லிமீட்டர் அகலமே உள்ள ஒல்லி டயருக்குச் சரிப்படாது, அளவுமானி உள்ள பம்ப் வாங்கிவிடுங்கள்.

டயர் வாங்கும்போது அங்குலக் கணக்கை மட்டும் நம்பவேண்டாம். 26 அங்குலம் என்று இரண்டு டயர் இருக்கும். 26 பெருக்கல் 1.95 என்று தசமத்தில் போட்டிருந்தால் அதன் விட்டம் 559 மில்லிமீட்டர். 26, 1 3/8 என்று பின்னத்தில் போட்டிருந்தால் 590. ஒன்று இன்னொன்றில் சேரவே சேராது. நாட்டு சைக்கிளின் 28, 1 1/2 டயர் 635, 700சி-யோ 622, அதையும் சில டயர்களில் 28 என்றே போட்டிருப்பார்கள். அதனால் டயரின் பக்கத்தில் 37-622 என்பது போல் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். முதல் எண் அகலம், இரண்டாவது விட்டம். டியூப் ரப்பர்தான், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் இழுபடும், டயர் இழுபடாது. டியூப்பில் கவனிக்க வேண்டியது மவுத். ஒல்லி மவுத்துக்குத் துளையிட்ட ரிம்மில் தடித்த மவுத் நுழையாது. தடித்த துளையில் ஒல்லி மவுத்தை விட்டால் நுழையும், ஆனால் அசைந்து அசைந்து துளை விளிம்பு மவுத்தின் அடியை அறுத்துவிடும், நடுவே ஒரு சின்ன வளையம் போடவேண்டும்.

சீட்டுக்கு அடியில் ஒரு பை இருந்தால் அதில் இரண்டு பிளாஸ்டிக் லிவர், ஒரு மாற்று டியூப், பேட்ச்சும் உப்புத்தாளும் உள்ள சின்ன டப்பா, நட்டு போட்ட சக்கரம் என்றால் அதற்கேற்ற ஸ்பேனர், பெரும்பாலும் 15 மில்லிமீட்டர். கைப்பம்பைச் சட்டத்தில் மாட்டிக்கொள்ளலாம். வழியில் டியூப்பை மாற்றிவிட்டு ஓட்டையானதை வீட்டுக்கு வந்து நிதானமாக ஒட்டுவதுதான் சுகம், சாலையோரத்தில் சொல்யூஷன் காயக் காத்திருக்கவேண்டாம். சொல்யூஷன் டியூபை ஒரு முறை திறந்துவிட்டால் சில மாதங்களில் உள்ளே காய்ந்துபோகும், அப்போதைக்கப்போது அழுத்திப் பாருங்கள். மாற்று டியூப்பை ஸ்பேனரோடு சும்மா போட்டுவைத்தால் குலுங்கிக் குலுங்கி உரசி, பையிலேயே ஓட்டை விழுந்துவிடும். மவுத் மூடியைப் போட்டு, காற்றை முழுக்க இறக்கிச் சுருட்டி, பழைய சாக்ஸ் ஒன்றுக்குள் வையுங்கள். செயினில் கை வைக்கும்போது அந்த சாக்ஸை மாட்டிக்கொள்ளலாம்.